மூலை வெட்டிய வீடு

2023 ஜூன் 5, திங்கள்

இன்று ஜூன் ஐந்து. எனக்கு வயது எழுபத்தேழும் இரண்டு மாதமும். வயதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. இனி நான் எதில் பிடிவாதம் பிடித்தாலும் மற்றவர்கள் அதைத்தான் காரணமாகச் சொல்லப்போகிறார்கள்.

அரசின் வீடு கட்டும் வாரியத்தின் உத்தரவு வந்துவிட்டது. வடசென்னையில் சாயக்காரத் தோட்டம் என்னும் இடத்தில், தரைத்தளமும் மூன்று மாடியுமாகப் பதினாறு வீடுகள் கொண்ட ஒரு சோதனைக் கட்டடம், முழுக்க முழுக்க என் முறையில். முப்பது ஆண்டுகளாக நான் வகுப்பில் கற்பித்தும், கருத்தரங்குகளில் வாசித்தும், எவரும் ஒரு கழிப்பறைகூடக் கட்டிப் பார்க்காத முறை.

முறை எளிது. மூன்றரை அடிச் சதுரம் ஒன்றே அடிப்படை அளவு. சுவர், தளம், படி எல்லாம் அதன் மடங்குகள். மொத்தம் ஐந்து இரும்பு அச்சுகள்: சுவருக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று, படிக்கு ஒன்று, குழாய்கள் புதைந்த சமையலறைத் துண்டுக்கு ஒன்று, சுவரும் சுவரும் சந்திக்கும் முழங்கைத் துண்டுக்கு ஒன்று. களத்தில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் அடுக்கி, காரையிட்டு இணைக்க வேண்டியதுதான். ஏழைக்குக் கட்டும் வீடு என்றால் கோணலாக இருக்கலாம், கசியலாம், தாமதமாகலாம் என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

உத்தரவில் ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்துப் பழைய கட்டடத்திலிருந்து வரவேண்டிய பதினாறு குடும்பங்களும் வீட்டைப் பார்த்து, மனமொப்பிக் கையெழுத்திட வேண்டும். அப்படியானால் அடுத்து மூவாயிரம் வீடுகள். மறுத்தால் கோப்பு மூடப்படும். நிபந்தனையைச் சேர்த்தவர் தலைமைப் பொறியாளர் வேதமூர்த்தி. என்னிடம் படித்தவர். கட்டுமானவியலில் இரண்டாம் முறை எழுதித் தேறினார். இப்போது என்னிடம், கோயில் யானையிடம் பேசுவதுபோல் பேசுகிறார்: மரியாதையாகவும், சற்றுத் தள்ளி நின்றும்.

ஜூன் 19, திங்கள்

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. நாளை வருகிறேன் என்று பிளம்பர் சொன்னார்.

ஜூலை 7, வெள்ளி

வாரிய அலுவலகத்தில் வரைபடங்கள் பற்றிய கூட்டம். நான்கு அச்சுகள் கேள்வியின்றித் தாண்டின. முழங்கைத் துண்டில் வேதமூர்த்தி நின்றுவிட்டார். அந்தத் துண்டின் வெளிமூலை கூராக இராது. ஓரடி அளவுக்குச் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும்.

“எல்லாம் சரி மேடம். இந்த மூலைய ஏன் வெட்டணும்? நேரா விட்டா பூச்சு வேலை சுலபம்.”

“படிக்கட்டு திரும்பும் இடத்தில் அந்த வெட்டு இடம் கொடுக்கும்.”

“மூணரை அடிப் படி மேடம். மனுஷன் திரும்ப எதேஷ்டம்.”

“பீரோ திரும்ப வேண்டாமா?”

“பீரோவுக்குக் கயிறு போதும். பால்கனி வழியா இழுத்துக்குவாங்க. எங்க வீட்டுதே அப்படித்தான் ஏறுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கட்டிலைச் சொன்னேன், கழற்றலாம் என்றார். ஸ்ட்ரெச்சரைச் சொன்னேன், சாய்த்துப் பிடிக்கலாம் என்றார். சிமென்ட் தண்ணீர்த் தொட்டியைச் சொன்னேன். இப்போதெல்லாம் யார் மேடம் சிமென்ட் தொட்டி வாங்குகிறார்கள் என்றார். எனக்குப் பொருள்கள் தீர்ந்துவிட்டன. மூலையை நேராக்கினால் என் பெயரை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசல்வரை பின்னால் வந்தார். “கோவிச்சுக்காதீங்க மேடம். வெட்டியே வார்ப்போம். ஜனங்க ஏத்துக்கிட்டா எனக்கென்ன?”

ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை 24, திங்கள்

பொன்னேரி சாலையில் உள்ள வார்ப்புக் களத்துக்குப் போனேன். முதல் முழங்கைத் துண்டை அச்சிலிருந்து பிரித்தார்கள். இரும்புத் தகடு விலகியபோது சாம்பல் நிறத்தில், ஈரம் மினுங்க, ஒரு பொத்தல்கூட இல்லாமல் நின்றது. மட்டக்கோலை வைத்துப் பார்த்தேன். சாய்வு மிகச் சரி.

செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு பாதைகள், ஒவ்வொன்றும் மூன்றரை அடி அகலம். ஏழடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள, மடக்க முடியாத ஒரு பொருள் அந்தத் திருப்பத்தில் திரும்பாது, சிக்கும். திருப்பத்தின் உள்மூலையில், அதாவது முழங்கைத் துண்டின் வெளிமூலையில், ஓரடியைச் சாய்த்து எடுத்துவிட்டால் குறுக்களவில் எட்டு அங்குலம் கூடுகிறது, திரும்பும். கட்டடத்தின் எல்லா மூலைகளுக்கும் ஒரே முழங்கை என்பதால் ஆறாவது அச்சு தேவையில்லை, கூடுதலாக ஒரு சட்டி காரையும் தேவையில்லை. இந்தக் கணக்கை நான் முதலில் போட்டபோது எனக்கு வயது இருபத்தொன்று. அது சிமென்ட்டாக எழுந்து நிற்பதை இன்றுதான் பார்த்தேன்.

களத்தில் இருந்தவர்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் நான் தொடவில்லை. ஒன்றரை லட்டு தவிர.

ஆகஸ்ட் 16, புதன்

முதல் மாடி நான்கே நாளில் ஏறிவிட்டது. பிளம்பர் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

மூன்றாம் மாடிவரை கூடு எழுந்துவிட்டது. குடும்பங்கள் இன்று பார்க்க வந்தன. அவர்களுக்குத் தலைவி பவுனம்மா. சங்கத் தலைவி, இட்லிக் கடைக்காரி, அறுபதை ஒட்டிய வயது, கதவைத் தட்டாமல் நுழையும் குரல்.

பவுனம்மா முதலில் சுவரை விரல் மூட்டால் தட்டினாள். பிறகு உள்ளங்கையால் அறைந்தாள். பிறகு தன் மருமகனை அழைத்துத் தோளால் இடிக்கச் சொன்னாள். மருமகன் தோளைத் தடவிக்கொண்டு திரும்பினார்.

“அட்ட வூடுன்னாங்க. இல்ல, கல்லுதான்” என்று தீர்ப்பு வழங்கினாள். என் முப்பது ஆண்டு ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் மதிப்புரை.

அடுத்து மூலையைப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது? மூலைய எலி கட்ச்சிருச்சா?”

கூட்டம் சிரித்தது. சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அவர்கள் தெருவில் ஜோசியம் பார்க்கும் தண்டபாணியும் கூட வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

“மூல வெட்டுப்பட்ட மனை குடும்பத் தலைவருக்கு ஆகாதும்மா. சாஸ்திரத்துல கீது.”

“எந்த மூலை வெட்டுப்பட்டால்?” என்று கேட்டேன்.

“எந்த மூலையா இருந்தாலும்.”

“இங்கே எல்லா மூலையும் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒன்றின் தோஷத்தை இன்னொன்று கழித்துவிடாதா?”

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். பால் காய்ச்சாத வீட்டில் நின்றுகொண்டு அகடவிகடம் பேசுகிறாள் கிழவி என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. செவி எனக்கு நன்றாகக் கேட்கும். அது ஒரு தொல்லை.

வேதமூர்த்தி மென்மையாகப் பேசினார். “ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம். வெளிப்பக்கம் செங்கல் வெச்சுப் பூசிட்டா மூலை வந்துடும். ஆயுத பூஜைக்குள்ள ஜனங்க ஒத்துக்கலேன்னா அதைச் செஞ்சுடுவோம். மூவாயிரம் வீட்டுக்கு அச்சையே நேரா மாத்திப்போம். உங்க முறை பிழைச்சுக்கும்ல?”

பிழைத்துக்கொள்ளும். மாடிப்படி மட்டும் நாட்டின் மற்ற எல்லா மாடிப்படிகளையும்போல் இருக்கும்.

செப்டம்பர் 27, புதன்

காலையில் பவுனம்மாவின் கடைக்குப் போனேன். நான்கு இட்லி. நன்றாக இருந்தது, சட்னியில் உப்பு குறைவு. சொன்னேன். “சக்கரயோட பி.பி.யும் இருக்குற மூஞ்சி ஒனக்கு. கம்மியாத்தான் போட்டேன்” என்றாள். இவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

“பழைய கட்டடத்துப் படிக்கட்டில் உங்களுக்குச் சிரமமே இருந்ததில்லையா?” என்று கேட்டேன்.

“இன்னா செரமம்? ஏறுறோம், எறங்குறோம்.”

“பெரிய பொருள் எதையாவது இறக்கும்போது?”

கரண்டி நின்றது. “போன ஐப்பசில எங்க மாமியார...” என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தே, காலங்காத்தால வாயக் கிளறாத. புது வூட்டுப் பேச்சு பேசச்சொல்லோ அத்தப் பேசுவாங்களா யாராவது? எய்ந்திரு, எய்ந்திரு. யாவாரம் பாக்கணும்.”

பேருந்தில் வரும்போது யோசித்தேன். பதினாறு குடும்பங்களில் ஒன்றுகூட அந்தத் துன்பத்தைப் படாமல் இருந்திருக்காது. சாவு விழுந்தால் ஐஸ் பெட்டியை மேலே கொண்டுபோக முடிவதில்லை. உடலையும் நேராகக் கீழே கொண்டுவர முடிவதில்லை. செங்குத்தாக நிமிர்த்தி, பக்கவாட்டில் சாய்த்து, சுவரில் உரசி, எப்படியோ இறக்கித் தெருவில் பந்தலுக்கடியில் கிடத்துகிறார்கள். ஆனால் புதுவீட்டைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் அந்தச் சொல்லை எவரும் உச்சரிக்கமாட்டார்கள். அதனால் எந்தப் பொறியாளரும் அதைக் கேட்டதில்லை. கேட்காத தேவைக்கு யாரும் அளவு எடுப்பதில்லை.

நானும்தான் பீரோ என்றேன், கட்டில் என்றேன், தொட்டி என்றேன். அது வேறு விஷயம்.

அக்டோபர் 3, செவ்வாய்

ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் ஏழுமலை என்பவருக்குத் தொலைபேசினேன்.

“எந்த எடம்மா?”

“சாயக்காரத் தோட்டம், புதுக் கட்டடம், மூன்றாம் மாடி.”

“மாடிக்கெல்லாம் ஏத்தமாட்டோம்மா. கீழதான் வெப்போம்.”

“இந்த மாடிக்கு ஏறும்.”

“செரி. எப்பம்மா போனாங்க?”

“இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும்.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“பெண். எழுபத்தேழு வயது. நான்தான்.”

இணைப்பைத் துண்டித்துவிட்டார். மீண்டும் அழைத்து, கட்டுமானச் சோதனை என்று விளக்கினேன். போலீஸ் கேஸ் வராதே என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 8, ஞாயிறு

மாளய பட்சம். நல்ல காரியம் எதுவும் செய்யாத நாட்கள் என்பதால் சாயக்காரத் தோட்டமே வீட்டில் இருந்தது. பெட்டியை வண்டியிலிருந்து இறக்கியதுமே கூட்டம் கூடிவிட்டது. யார், யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பெண்கள் சிலர் அழத் தயாராக முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

வேதமூர்த்தியை முதல் நாளே அழைத்திருந்தேன், காரணம் சொல்லாமல். வந்தவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மேடம், இது என்ன?”

“பீரோ” என்றேன்.

வெறும் பெட்டி மேலே போவதை முதலில் காட்டினேன். ஏழுமலையின் ஆட்கள் மூவரும் தெருக்காரர் இருவரும் தூக்கினார்கள். ஒரு திருப்பத்திலும் நிற்காமல் மூன்றாம் மாடிக்கு ஏறிக் கூடத்தின் நடுவில் வைத்தார்கள். பின்னாலேயே ஏறிவந்த கூட்டம் பெட்டியைச் சுற்றி நின்றது. வெறும் பெட்டிதானே என்று தண்டபாணி மட்டும் முணுமுணுத்தார். நான் செருப்பைக் கழற்றி, படிக்கும் கண்ணாடியைக் கைப்பையில் போட்டு, பையைப் பவுனம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குள் ஏறிப் படுத்தேன்.

“அடிப்பாவி! எய்ந்திரு!” என்று பவுனம்மா கத்தினாள். “சுமங்கலிங்க, புள்ளத்தாச்சிங்க நிக்கற எடத்துல இன்னா கூத்து இது?”

“மூடியைப் போட வேண்டாம்” என்று ஏழுமலையிடம் சொன்னேன். நிரூபணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. “தூக்குங்கள்.”

எவரும் அசையவில்லை. தெருக்காரர் இருவரும் விலகிக்கொண்டார்கள். உயிருள்ளவளைத் தூக்கக் கை வராதாம். அப்போதுதான் அது நடந்தது. வேதமூர்த்தி ஷூவைக் கழற்றினார். வாரியத்தின் தலைமைப் பொறியாளர், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து என் தலைமாட்டில் குனிந்து பெட்டியைப் பிடித்தார். அவர் குனிந்ததும் பவுனம்மாவின் மருமகன் வந்தார். பிறகு எதிர்வீட்டுக்காரர்.

தூக்கினார்கள்.

படுத்தபடி ஒரு கட்டடத்தைப் பார்ப்பது புது அனுபவம். தளங்களின் அடிப்பாகம்தான் தெரிகிறது. யாரும் பார்ப்பதில்லை என்று வேலையாட்கள் ஏமாற்றும் இடம். முதல் திருப்பம் வந்தது. எல்லோரும் மூச்சை அடக்கினார்கள்; ஆறு பேரின் மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது. பெட்டியின் தோள் வெட்டிய மூலையை நெருங்கியது, ஒரு கையகல இடைவெளியில் நழுவியது, திரும்பியது. உரசவில்லை. சாயவில்லை. நிற்கவும் இல்லை.

“திரும்பிடுச்சு!” என்று கீழிருந்து ஒரு குரல். அடுத்த திருப்பத்தில் இரண்டு குரல்கள். அதற்கடுத்ததில் தெருவே சொன்னது.

“வேதமூர்த்தி” என்றேன், பெட்டிக்குள்ளிருந்து.

“என்ன மேடம்? மூச்சு முட்டுதா?”

“இரண்டாம் மாடித் தளத்தின் இணைப்பில் காரை நிரம்பவில்லை. நாளைக்குள் சரிசெய்யச் சொல்லுங்கள்.”

அவர் சிரித்த சிரிப்பில் பெட்டி குலுங்கியது. அந்தக் கட்டடத்தில் அது குலுங்கியது அந்த ஒரு முறைதான்.

தரையில் வைத்ததும் நானாகவே எழுந்தேன். முதன்முதலாக எழுந்து நிற்கும் குழந்தைக்குக்கூட இப்படிக் கைதட்டியிருக்கமாட்டார்கள். பவுனம்மா மட்டும் தட்டவில்லை. தண்டபாணி, “என்ன இருந்தாலும் அபசகுனம்...” என்று தொடங்கினார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“யோவ் தண்டபாணி! நாலு மூலயும் நேரா இருந்த வூட்லதான்யா என் மாமியார செவுத்துல இட்ச்சி இட்ச்சி எறக்குனோம். நெத்தி தோலு உரிஞ்சிபோச்சு. பொட்டு வெக்க எடமில்ல. அன்னிக்கி எந்த சாஸ்திரம்யா வந்து ஒரு கை குட்த்துச்சு?”

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். அதன்பின் எல்லோரும் சொன்னார்கள். அண்ணனை எப்படி இறக்கினோம், அப்பாவின் கை எப்படிக் கைப்பிடியில் மாட்டியது என்று, தெருவில் நின்றபடி, ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொண்டு. வேதமூர்த்தி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று கண்டு மீண்டும் வைத்துவிட்டார்.

பவுனம்மா எனக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தெருக்குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“தலைக்கு ஊத்திக்கினுதான் உள்ள வரணும். பெரிய படிப்பு படிச்சிருந்தா இன்னா? பாடையில ஏறி எறங்குனவதானே நீ?”

மூன்று குடம் தண்ணீர். எதிர்த்துப் பேசவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

முதுகு வலிக்கிறது. பெட்டியில் மெத்தை இல்லை. அதற்குள் போகிறவர்கள் இதுவரை புகார் சொன்னதில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

பதினாறு கையெழுத்துகள். தண்டபாணிக்கும் அங்கே ஒரு வீடு உண்டு என்பது இன்றுதான் தெரிந்தது. கடைசிக் கையெழுத்து அவருடையது. மூலையை நேராக்குவதற்காகக் குவித்திருந்த செங்கற்களை லாரி வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனது.

டிசம்பர் 6, புதன்

புயலும் மழையும் ஓய்ந்தன. நகரத்தில் பாதி தண்ணீரில். காலையில் வேதமூர்த்தி ஒரு படம் அனுப்பினார்: மூன்றாம் மாடிக் கூடத்தின் கூரை. ஓர் இணைப்பில்கூட ஈரம் இல்லை. கீழே ஒரே சொல், “காய்ஞ்சிருக்கு.” அவர் விடைத்தாளில் நான் போட்டிருக்க வேண்டிய மதிப்பெண்ணை இன்று மனத்தில் கூட்டிப் போட்டேன்.

என் வீட்டில் குளியலறைக் கூரையும் இப்போது சொட்டுகிறது.

2024 ஜனவரி 21, ஞாயிறு

பதினாறு வீடுகளிலும் பால் பொங்கியது. பவுனம்மாவின் பீரோ கயிறில்லாமல், பால்கனியில்லாமல், படிவழியே மூன்றாம் மாடிக்கு ஏறியது. மூலைச் சாய்வுக்குக் குறுக்கே அதை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

“பட்டத்து ராசா மாரி நடுவாந்தரமா நிக்கிது பாரு. இன்னும் ரெண்டு மூல வெட்டியிருக்கலாம் நீ.”

வேதமூர்த்தி மூவாயிரம் வீடுகளுக்கான உத்தரவைக் கொண்டுவந்தார். ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார்: முழங்கைத் துண்டின் வடிவம் மாற்றமின்றித் தொடரும். அதற்கும் கீழே இன்னொரு வரி. இனி வாரியம் கட்டும் எந்த மாடிப்படியும், எந்த முறையில் கட்டினாலும், ஏழடிப் பெட்டி திரும்பும் அளவுக்கு இருக்க வேண்டும். அந்த இரண்டாம் வரியை நான் கேட்கவில்லை. அவராகச் சேர்த்திருக்கிறார்.

“நன்றாக எழுதியிருக்கிறீர்கள்” என்றேன். ஐம்பத்து மூன்று வயது மனிதர் முகம் சிவந்ததைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

இரண்டு தம்ளர் பாயசம் குடித்தேன். வெற்றி என்பது இனிப்பாகத்தான் இருக்கிறது. மற்றவர்கள் சொன்னது பொய்யில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

பல்கலைக்கழகத்தில் பாராட்டுக் கூட்டம். சால்வை, பூச்செண்டு, என்னைப் பற்றி எனக்கே தெரியாத நற்குணங்கள். முடிவில் இளம் விரிவுரையாளர் ஒருத்தி எழுந்து, மூலையை வெட்டும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். வடிவியலிலிருந்து என்றேன். குறித்துக்கொண்டாள். அச்சில் வரும். இருக்கட்டும்.

இங்கே சரியாக எழுதிவைக்கிறேன்.

என் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்று வகுப்புத் தோழிகளிடம் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சொன்னேன். கணவரிடம் சொன்னேன், அவர் போகும்வரை மாற்றிச் சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. மதுரையில் ஒரு நூற்பாலையின் தொழிலாளர் குடியிருப்பில், மூன்றாம் மாடியில், 1967 கார்த்திகையில், ஆலையிலிருந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்போது நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு. படுக்க வைத்தபடி அந்தப் படியில் திருப்ப முடியாது என்று தெரிந்ததும், அவள் புடவையாலேயே அவளை ஒரு நாற்காலியில் கட்டினார்கள். இரண்டு பேர் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி செங்குத்தாக நின்றது. தலை முன்னால் விழுந்தது. கீழே கூடியிருந்தவர்களில் ஒரு குழந்தை, தூங்கி வழிகிறாள் என்று நினைத்துச் சிரித்தது.

அவளுக்கு எதிரே, பின்பக்கமாகப் படியிறங்கிக்கொண்டு, தெருவரை அவள் தாடையை இரண்டு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்து வந்தவள் நான்.